டெலிகன்வர்ட்டர்: மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும்

சில வருடங்களுக்கு முன் லென்ஸுக்குப் பின்னால் மாட்டிப் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2 எக்ஸ் டெலிகன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நின்றேன். கையில் நிக்கான் டி500 கேமரா, அதில் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ். கணக்குப்படி 1000 மி.மீ. ஆகிவிட்டது, ஏரி நடுவில் தண்ணீரில் நிற்கிற மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையின் கண்ணை எண்ணி எடுத்துவிடலாம் என்று கற்பனை. ஷட்டரைப் பாதி அழுத்தியதும் லென்ஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று பேட்டரியைக்கூடக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். கேமராவில் ஒன்றும் இல்லை. எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சிறுத்து வெளிச்சம் குறையும்; எஃப் 5.6 லென்ஸில் 2 எக்ஸ் மாட்டினால் அது எஃப் 11 லென்ஸ் ஆகிவிடும், அந்த கேமராவின் ஆட்டோஃபோகஸுக்கு எஃப் 8 வரைதான் கண் தெரியும். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு உருப்படியாக எடுத்தது டீக்கடை வாசலில் படுத்திருந்த நாயை மட்டும்தான், அதுவும் போனில்.

அதற்கப்புறம் 1.4 எக்ஸுக்கு மாறி, இன்றுவரை அதைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் பத்து முறை கிளம்பினால் மூன்று நான்கு முறைதான் அது லென்ஸில் ஏறும். எப்போது ஏற வேண்டும், எப்போது பையிலேயே கிடக்க வேண்டும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டெலிகன்வர்ட்டர் என்பது லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் நடுவில் உட்காரும் ஒரு குட்டிக் கண்ணாடித் தொகுப்பு. லென்ஸ் தருகிற படத்தின் நடுப்பகுதியை இழுத்துப் பெரிதாக்கி சென்சார் மேல் விரிக்கிறது, அவ்வளவுதான். தோசை மாவு அதே ஒரு கரண்டி, கல்லில் இன்னும் அகலமாக இழுத்தால் மெலிசாகிவிடும் இல்லையா, அதேதான் வெளிச்சத்துக்கும். 1.4 எக்ஸ் மாட்டினால் பரப்பு இரண்டு மடங்கு, அதனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, வெளிச்சம் குறையும். 2 எக்ஸ் மாட்டினால் பரப்பு நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் போகும். எஃப் 4 என்பது எஃப் 5.6 அல்லது எஃப் 8 ஆகும். எஃப் 5.6 என்பது எஃப் 8 அல்லது எஃப் 11. இப்போது பலர் கையில் இருக்கும் சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டுமே கடைசி முனையில் எஃப் 6.3, ஆக 1.4 எக்ஸ் மாட்டினால் 840 மி.மீ. எஃப் 9. கேனான் ஆர்எஃப் 100-500 முனையில் எஃப் 7.1, அதற்கு 1.4 மாட்டினால் 700 மி.மீ. எஃப் 10. இந்த எண்களை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

சரி, வாங்குவதற்கு முன் ஒன்று. உங்கள் லென்ஸில் அது பொருந்துமா? டெலிகன்வர்ட்டரின் முன்பக்கக் கண்ணாடி பல மாடல்களில் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது நுழைய லென்ஸின் பின்பக்கத்தில் இடம் வேண்டும். இடம் இல்லாத லென்ஸில் பலவந்தமாக மாட்டினால் கண்ணாடியும் கண்ணாடியும் முட்டும், அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரில் பில் போடும்போதுதான் நிமிர்வீர்கள். கேமராவோடு சேர்த்துத் தரும் சாதாரண 70-300 ரக லென்ஸ்களுக்கு அநேகமாகப் பொருந்தாது. உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்களில் இன்னொரு சிக்கல், சோனி பாடிக்கு சிக்மா, டாம்ரான் தயாரிக்கும் 150-600, 150-500 லென்ஸ்களில் டெலிகன்வர்ட்டர் மாட்டவே முடியாது. அதே சிக்மா 150-600 லைக்கா, பானசோனிக் கேமராக்களின் எல் மவுண்டில் இருந்தால் மாட்டலாம். கேனான் 100-500 வைத்திருப்பவர்களுக்குத் தனி வேடிக்கை: 300 மி.மீ. வரை ஜூமை வெளியே இழுத்த பிறகுதான் எக்ஸ்டெண்டர் (டெலிகன்வர்ட்டருக்கு கேனான் வைத்த பெயர்) உள்ளே போகும், மாட்டியபின் 300-க்குக் கீழே சுருக்கவும் முடியாது. அதாவது மாட்டிய நிலையில் லென்ஸ் நீளமாகவே நிற்கும், பழைய பையில் அடங்காது. கென்கோ மாதிரி வேறு நிறுவனத்தார் தயாரிப்புகளில் சிலவற்றுக்கு மூக்கு நீட்டல் இல்லை என்பதால் அதிக லென்ஸ்களில் ஏறும், ஏறுவதால் மட்டும் நல்ல படம் வந்துவிடாது. லென்ஸ் தயாரித்தவரின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், கடைக்காரர் வாயைப் பார்த்து அல்ல.

டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே ஆடி உள்ள பழைய ரக கேமரா, வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவற்றின் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் எஃப் 5.6 வரை, டி500, டி850 போன்ற சிலவற்றில் எஃப் 8 வரை, அதுவும் நடுவில் உள்ள சில புள்ளிகள் மட்டும். காரணம், ஃபோகஸ் சென்சார் லென்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கிறது, துவாரம் சிறுத்தால் அந்த ஓர ஒளி அதன் பார்வைக்கு எட்டாது. மிர்ரர்லெஸ்ஸில் மெயின் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் எஃப் 9, எஃப் 11-லும் வேலை நடக்கும், வெளிச்சம் இருக்கும்வரை.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. டெலிகன்வர்ட்டர் மாட்டி எடுப்பதா, மாட்டாமல் எடுத்துக் கணினியில் ஓரங்களை வெட்டி க்ராப் செய்துகொள்வதா?

இதில் நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல்மணலான புள்ளிகள்) என்ற பூச்சாண்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். "எஃப் 8 ஆயிடுச்சு, ஐஎஸ்ஓ இரண்டு மடங்கு ஆயிடுச்சு, படம் முழுக்க மணல்." ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு. யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. பறவையிலிருந்து லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சத்தை முடிவு செய்வது லென்ஸின் முன்வாய், 500 மி.மீ. எஃப் 5.6 என்றால் சுமார் 89 மி.மீ. அகலம். டெலிகன்வர்ட்டர் மாட்டினாலும் வாய் அதேதான், பறவையும் அதேதான். ஐஎஸ்ஓ 800-இல் எடுத்து க்ராப் செய்த பறவையையும், ஐஎஸ்ஓ 1600-இல் டெலிகன்வர்ட்டரோடு எடுத்த பறவையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் நாய்ஸ் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும். வித்தியாசம் வருவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, கூடுதல் கண்ணாடி லென்ஸின் குறைகளையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. இரண்டு, ஃபோகஸ் தடுமாறுகிறது. பழைய கேனான் இஎஃப் எக்ஸ்டெண்டர்களில் ஃபோகஸ் ஓடும் வேகத்தை 1.4 எக்ஸில் பாதியாகவும் 2 எக்ஸில் கால்வாசியாகவும் அவர்களே குறைத்து வைத்திருக்கிறார்கள், துல்லியம் கெடக்கூடாது என்று.

கிடைப்பது என்னவென்றால் பறவை மேல் அதிகப் பிக்சல். எவ்வளவு? நத்தைகுத்தி நாரை சுமார் 68 செ.மீ. உயரம். அது 100 மீட்டர் தள்ளி இருந்தால் 500 மி.மீ. லென்ஸ் சென்சார் மேல் போடும் உருவம் 3.4 மி.மீ. டி500-இல் அது கிட்டத்தட்ட 800 பிக்சல். 1.4 மாட்டினால் 1130 பிக்சல். போனில் பார்க்க 800 போதும், அச்சுப் போட 1130-உம் போதாது. அதாவது நடுவில் ஒரு சின்ன இடைவெளியில்தான் இந்தச் சாமான் உதவுகிறது. 45 மெகாபிக்சல் கேமரா இருந்தால் 1.4 மடங்கு க்ராப் செய்தபின்னும் 23 மெகாபிக்சல் மிஞ்சும், அவர்கள் நிதானமாக க்ராப் செய்துகொள்ளலாம். 20, 24 மெகாபிக்சல்காரர்களுக்குத்தான் டெலிகன்வர்ட்டரில் லாபம் அதிகம்.

மற்றவர் சொல்வதைக் கேட்காமல் உங்கள் லென்ஸில் நீங்களே பார்த்துவிடுங்கள், ஒரு நாளிதழ் போதும். வரி விளம்பரப் பக்கத்தை மொட்டை மாடிச் சுவரில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். 15 மீட்டர் தள்ளி ட்ரைபாட். நேரம் காலை ஆறரை ஏழு மணி, ஏனென்றால் தரை சூடேறிவிட்டால் காற்று நெளிந்து சோதனையே பொய்யாகிவிடும். முதலில் வெறும் லென்ஸில் ஐந்து படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்கவிட்டு எடுங்கள். அப்புறம் டெலிகன்வர்ட்டரோடு ஐந்து. பிறகு இன்னொரு ஐந்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து. கணினியில் வெறும் லென்ஸ் படத்தை 140 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மற்றதற்குப் பக்கத்தில் வைத்து எழுத்துகளைப் பாருங்கள். மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று எந்தப் படத்தில் பிரித்துப் படிக்க முடிகிறது? என் லென்ஸில் முழுத் துவாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, "வாடகைக்கு மனை" என்பதில் இருப்பது னையா, ணையா என்று இரண்டிலும் தெரியவில்லை. மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்ததும் டெலிகன்வர்ட்டர் படத்தில் சுழிகள் பிரிந்தன, வெறும் லென்ஸ் படத்தில் பிரியவில்லை. எனக்கு வழி தெரிந்துவிட்டது: டெலிகன்வர்ட்டர் ஏறினால் எஃப் 8 வேண்டாம், எஃப் 9. உங்களுக்கு வேறு எண் வரலாம். ஐந்து படத்தில் இரண்டு மட்டும் கூர்மை, மூன்று மங்கல் என்று வந்தால் அது கண்ணாடியின் குறை இல்லை, ஃபோகஸின் குறை. டிஎஸ்எல்ஆர் என்றால் கேமராவின் ஃபோகஸ் திருத்த மெனுவான ஃபைன் ட்யூனில் லென்ஸும் டெலிகன்வர்ட்டரும் சேர்ந்த ஜோடிக்குத் தனியாகத் திருத்தம் வைக்க வேண்டும், வெறும் லென்ஸுக்கு வைத்த எண் இதற்கு ஒத்துவராது.

இந்தச் சோதனையை வாடகைக்கு எடுத்த டெலிகன்வர்ட்டரில் செய்வது இன்னும் புத்திசாலித்தனம். நான் செய்யவில்லை.

அடுத்து, 2 எக்ஸ். 300 எஃப் 2.8, 400 எஃப் 2.8, 500 அல்லது 600 எஃப் 4 மாதிரி வீட்டை அடகு வைத்து வாங்கும் லென்ஸ் இருந்தால் வாங்குங்கள், அவை அதைத் தாங்கும். 70-200 எஃப் 2.8-இல் மாட்டி 400 எஃப் 5.6 ஆக்கி அவசரத்துக்கு ஓட்டலாம். எஃப் 5.6, எஃப் 6.3 ஜூம்களில் 2 எக்ஸ் வேண்டவே வேண்டாம். எஃப் 11, எஃப் 13 என்று போகும்போது டிஃப்ராக்ஷன் (சிறிய துவாரத்தில் ஒளி விரிந்து மங்குவது) வேறு சேர்ந்து இறகின் நுணுக்கத்தைத் தின்றுவிடும், நிலா எடுக்க மட்டும் உதவும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டெலிகன்வர்ட்டர் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேறு பொழுதுபோக்கு. பெரிய நிறுவனங்களே லென்ஸுக்குள் வைத்து விற்கும்போதும் பெரும்பாலும் 1.4 தான் வைக்கின்றன: கேனான் 2013-இல் விட்ட 200-400 எஃப் 4, நிக்கான் 2022-இல் விட்ட 400 எஃப் 2.8, 600 எஃப் 4 எல்லாவற்றிலும் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் 1.4 உள்ளே வந்து உட்காரும். அதைக் கையில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து என் டெலிகன்வர்ட்டரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமை.

கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான், ஆனால் ஏரிக்கரையில் காற்றில் நின்றுகொண்டு செய்தால் தூசி உள்ளே போகும். சாதாரண நாளில் தெரியாத தூசி எஃப் 9, எஃப் 11-இல் வானம் பூராவும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அதனால் வீட்டிலோ, கண்ணாடி ஏற்றிய காரிலோ மாட்டிவிடுங்கள். கேமராவை அணையுங்கள். லென்ஸின் முன்பக்கம் மூடி போட்டு மடியில் கவிழ்த்து நிறுத்தி, முதலில் டெலிகன்வர்ட்டரை லென்ஸில் ஏற்றி, பொட்டுக்குப் பொட்டு வைத்துத் திருப்பி, க்ளிக் சத்தம் கேட்டபிறகு பாடியை மேலிருந்து மாட்டுங்கள். பாடியின் வாய் கீழ்நோக்கியே இருப்பதால் தூசி விழ வழியில்லை. தூக்கும்போது பாடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், லென்ஸின் அடியில் ட்ரைபாடில் மாட்ட இருக்கும் காலைப் பிடியுங்கள். இப்போது இரண்டு மவுண்ட் இணைப்பு, இரண்டு கிலோ எடை.

களத்தில் முதல் தொல்லை பறவையைக் கண்டுபிடிப்பது. ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 600 மி.மீ. என்றால் மூலைக்கு மூலை சுமார் 4 டிகிரி தெரியும், 840-க்கு 3 டிகிரிகூட இல்லை. கை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் அதன் அகலமே ஏறக்குறைய 2 டிகிரி, அந்த ஜன்னல் வழியாகத்தான் மீன்கொத்தியைத் தேட வேண்டும். ஜூம் லென்ஸ் என்றால் சுருக்கி வைத்துப் பறவையைப் பிடித்து, பிறகு நீட்டுங்கள். ஜூம் ஆகாத ப்ரைம் லென்ஸ் என்றால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பழக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. பறவை இருக்கும் தூரத்தில் வேறு ஏதாவது ஒரு கிளையில் ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஃபோகஸ் ஓடும் தூரத்தைக் கட்டுப்படுத்த லென்ஸில் உள்ள லிமிட்டர் பொத்தானைத் தூரப் பக்கத்துக்குத் தள்ளிவைப்பதும் அந்த இங்குமங்கும் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கும்.

செட்டிங்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ, உட்கார்ந்த பறவைக்கு 1/800 பக்கம், பறப்பதற்கு 1/2000-க்கு மேல். உட்கார்ந்த பறவைக்கு பீன் பேக் மேல் வைத்து ஸ்டெபிலைசரோடு 1/250-உம் எடுக்கலாம், பத்து எடுத்தால் நான்கு தேறும். பீன் பேக் கடையில் வாங்க வேண்டாம், பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்தால் போதும். உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம், நான் பச்சைப்பயறு போட்டு, ஒரு பயணத்தில் மழையில் நனைந்து, காயவைக்க மறந்து, மூன்றாம் நாள் முளைகட்டிய பயறு.

பறக்கும் பறவைக்கு நான் கழற்றிவிடுவேன். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை மாதிரி நிதானமாக விமானம் இறங்குவதுபோல வருகிறவை பரவாயில்லை, டெலிகன்வர்ட்டரோடும் கிடைக்கும். பஞ்சுருட்டானைத் துரத்தினால் ஆகாயத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள். விடியலுக்கு முன்னும் பின்னும் உள்ள மங்கலிலும் கழற்றிவிடுவேன், நாய்ஸுக்காக அல்ல, ஃபோகஸுக்காக. வெளிச்சம் ஏறியதும் மாட்டினால் அடுத்த எதிரி கானல். பள்ளிக்கரணையில் ரேடியல் ரோட்டோரம் நின்று தூரத்தில் உள்ள பூநாரையை ஒன்பது மணிக்கு எடுத்துப் பாருங்கள், கால்கள் நூடுல்ஸ் மாதிரி நெளிந்திருக்கும். அது லென்ஸ் மங்கல் இல்லை, நடுவில் உள்ள காற்று. அதை எந்தக் கண்ணாடியும் சரிசெய்யாது, டெலிகன்வர்ட்டர் அந்த நெளிவையும் 1.4 மடங்கு பெரிதாக்கித்தான் தரும். காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுத்தாலும் இதே கதை, உள்ளே குளிர்ந்த காற்றும் வெளியே சூடும் லென்ஸ் வாயிலேயே கலக்கும். பானெட்டுக்கு மேலாகக் குறிவைத்தாலும் அப்படித்தான். ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், சென்னைக் காற்றில் லென்ஸ்மேல் படியும் பனியும் அதற்குள் போய்விடும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 20 மீட்டரில் இருக்கும் மீன்கொத்தியை 1.4 மடங்கு பெரிதாக்க நாற்பது ஐம்பதாயிரம் செலவழிக்கலாம், அல்லது ஆறு மீட்டர் முன்னால் போகலாம். 14 மீட்டரில் நின்றால் அதே அளவுதான், ஒரு ஸ்டாப்பும் போகாது, நடுவில் உள்ள காற்றும் குறைவு. உட்கார்ந்து, நிறுத்தி, பறவை மறுபடி இறகு கோத ஆரம்பித்தபின் இன்னும் இரண்டு அடி, என்று கால் மணி நேரத்தில் அந்த ஆறு மீட்டரைக் கடந்துவிடலாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் அதுகூட வேண்டாம், ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், 200 மி.மீ. போதும், தலையில் எச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. டெலிகன்வர்ட்டர் கால் போக முடியாத இடத்துக்கு. வேடந்தாங்கலில் கரையை விட்டு இறங்கக்கூடாது, அங்கே மாட்டுங்கள். குளத்தின் நடுவே ஒரு கம்பில் பாம்புத்தாரா இறகு விரித்துக் காய்கிறது, மாட்டுங்கள். தரையில் ஆள்காட்டி கூடு வைத்திருக்கிறது, அது கத்த ஆரம்பித்தாலே நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்கி நின்று மாட்டுங்கள், இல்லை எடுக்காமலே வாருங்கள்.

பலர் கவனிக்காத ஓர் உபயோகம் பக்கத்தில் இருப்பவற்றுக்கு. டெலிகன்வர்ட்டர் மாட்டினாலும் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமோ அந்தத் தூரம் மாறாது. 200-500 லென்ஸ் 2.2 மீட்டர் வரை வரும், 1.4 மாட்டியபின்னும் 2.2 தான், ஆனால் உருவம் 0.22-லிருந்து 0.31 மடங்காகிறது. செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டு, வேலிக் கம்பியில் உட்கார்ந்த தட்டான் எல்லாம் சட்டத்தை நிரப்பும். கிட்டத்தில் கானலும் இல்லை, ஃபோகஸும் தடுமாறாது. என் டெலிகன்வர்ட்டரின் நல்ல படங்களில் பாதி ஏரியில் எடுத்தது இல்லை, கொல்லைப்புறத்தில் எடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி இரண்டு பக்கமும் மூடி போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கிற சாமான் இதுதான், பூஞ்சை முதலில் பிடிப்பதும் இதில்தான். ஜெல் நீலத்திலிருந்து வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள். என் வீட்டில் பழைய டிபன் டப்பா ஒன்றை எடுத்துவிட்டேன், அதன் மூடி எங்கே என்று அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.